குரூப்ல போட்டாச்சே சார்!

மொதல்லயே சொல்லிடறேன். இது புலம்பல் பதிவு இல்லை, சண்டைப் பதிவு. சண்டை யார்கூடன்னா, காலேஜ்ல பாடம் எடுக்கற ஆசிரியப் பெருமக்களோட. குற்றவாளிக் கூண்டுல முதல் ஆளா நிக்கறது நான்தான், அதனால யாரும் கோச்சுக்க வேண்டாம் :-)

பழைய ஆட்களுக்குத் தெரியும், புதுசா வர்றவங்களுக்காக: பொழப்புக்கு நான் பார்க்கறது வேற வேலை. ரெண்டு வருஷமா சனிக்கிழமை சனிக்கிழமை ஒரு கலைக்கல்லூரியில பி.ஏ. தமிழ் ரெண்டாம் வருஷப் பசங்களுக்குப் படைப்பிலக்கியப் பயிற்சின்னு ஒரு வகுப்பு எடுக்கறேன். ப்ளாக்ல மொக்கை போட்டுட்டுத் திரிஞ்சவனை எழுத்தாளர்னு நம்பிக் கூப்பிட்டுட்டாங்க. அது அவங்க தலையெழுத்து.

போன செமஸ்டர்ல ஒரு அசைன்மென்ட் குடுத்தேன். ஏதாவது ஒரு பொது இடத்துல ஒரு மணி நேரம் உட்காரணும், காதுல விழுந்தது, கண்ணுல பட்டது மட்டும் நாலு பக்கம் எழுதணும். உவமை கூடாது, கருத்து சொல்லக்கூடாது. அடுத்த சனிக்கிழமை வகுப்புல கையில குடுக்கணும். அம்பத்தாறு தடவை சொல்லி, போர்டுலயும் எழுதிப் போட்டேன். இதுவரைக்கும் எல்லாம் சரி.

செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்தரை மணிக்குத் துறைத்தலைவர்கிட்ட இருந்து போன். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணை வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள்ள ஏத்தணுமாம், அதுக்கப்புறம் போர்ட்டல் மூடிடுமாம். அவருக்கே அன்னிக்குச் சாயங்காலம்தான் தெரியுமாம். சரின்னு சாப்பிட்டு முடிச்சு, படுக்கப் போறதுக்கு முன்னாடி, 11.52க்கு வகுப்பு வாட்ஸப் குரூப்ல ஒரு மெசேஜ் தட்டினேன். அப்படியே கீழே தர்றேன். மானம் போனாலும் பரவாயில்லை.

"மாணவர்கள் கவனத்திற்கு. தவிர்க்க இயலாத காரணத்தால் அசைன்மென்ட் தேதி மாற்றப்பட்டுள்ளது. நாளை மறுநாளுக்குள் ஒப்படைக்கவும்."

அவ்வளவுதான். போர்த்திட்டுத் தூங்கிட்டேன்.

இப்ப கணக்கு பாருங்க. நான் மனசுல நினைச்சது வியாழன். ஆனா 11.52க்கு எந்தப் பையன் முழிச்சிருப்பான் (சரி சரி, முழிச்சுதான் இருப்பான், ஆனா இந்த குரூப்பைப் பார்க்க முழிச்சிருக்க மாட்டான்). புதன்கிழமை காலையில பல்லு விளக்கிட்டே மெசேஜைப் பார்த்தவனுக்கு நாளை மறுநாள்னா வெள்ளி. எந்த அசைன்மென்ட்? சொல்லலை. யார்கிட்ட ஒப்படைக்கணும்? நானோ சனிக்கிழமைதான் அந்தப் பக்கமே வர்ற ஆளு. அதையும் சொல்லலை.

46 பேர் வகுப்பு. வியாழக்கிழமைக்குள்ள 31 பேர் துறை அலுவலகத்துல குடுத்தாங்க. 9 பேர் வெள்ளிக்கிழமை கொண்டு வந்தாங்க. 6 பேர் பழைய தேதிப்படி சனிக்கிழமை வந்தாங்க. பதினஞ்சு பேருக்கு சைபர். எங்க காலேஜ்ல அகமதிப்பீடு 25, அதுல அசைன்மென்ட்டுக்கு 5. அஞ்சு மார்க்தானேன்னு நமக்குத் தோணும். எழுத்துத் தேர்வுல தட்டுத்தடுமாறி வர்ற பிள்ளைக்கு அந்த அஞ்சுதான் பாஸுக்கும் அரியருக்கும் நடுவுல இருக்கற சுவர்.

சனிக்கிழமை வந்த ஆறு பேர்ல ஒரு பொண்ணு. காலையில ஆறு மணி பஸ்ஸைப் பிடிச்சு, நடுவுல மாறி, முதல் பீரியடுக்கு வந்து சேர்ற பொண்ணு. நாலு பக்கம் கேட்டதுக்கு ஏழு பக்கம் எழுதிட்டு வந்திருந்துச்சு. "குரூப்ல போட்டிருந்தேனேம்மா, பாக்கலையா?"ன்னு கேட்டேன். கேட்கும்போது என் குரல்ல ஒரு சலிப்பு இருந்துச்சுங்கறதையும் ஒத்துக்கணும்.

"எங்கிட்ட போன் இல்ல சார். குரூப்ல இருக்கறது எங்க அண்ணன் நம்பர். அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். வெள்ளிக்கிழமை ராத்திரிதான் பாத்திருக்கான். பக்கத்து வீட்டுக்கு போன் பண்ணிச் சொன்னான். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

குற்றம் சொல்ற தொனியே இல்லை. பஸ் போயிருச்சுன்னு சொல்ற மாதிரி சொல்லிட்டு நின்னுச்சு.

அந்த ஏழு பக்கத்தை பஸ்ல வரும்போது படிச்சேன். அவங்க ஊர் ரேஷன் கடை. வரிசையில நிக்கறவங்க பேசினது, தராசு, கைரேகை விழாத பாட்டி, எல்லாம் இருக்கு. கடை வாசல்ல தொங்கற பலகையைப் பத்தி ஒரு பத்தி. இன்ன தேதி, அரிசி உண்டு, சர்க்கரை உண்டு, பாமாயில் இல்லை, பருப்பு திங்கட்கிழமை வரும். சாக்பீஸ்ல எழுதியிருக்கு. தூரத்துல இருந்தே அதைப் பார்த்துட்டு ரெண்டு பேர் பையை மடிச்சுட்டுத் திரும்பிப் போறாங்க. இது மட்டும்தான் அந்தப் பத்தி. எனக்கு முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ரேஷன் கடைப் பலகையில தேதி இருக்கு, எது உண்டு எது இல்லைன்னு இருக்கு, இல்லாதது எப்ப வரும்னு இருக்கு. எழுதச் சொல்லிக் குடுக்க வந்த வாத்தியார் எழுதின மூணு வாக்கியத்துல இதுல ஒண்ணு கூட இல்லை!

திங்கட்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டுட்டுத் துறை அலுவலகத்துக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னா அங்கே இருந்தவர் ரொம்ப அன்பா ஒரு பதில் சொன்னார். "நீங்க ஏன் சார் கவலைப்படறீங்க? நீங்கதான் குரூப்ல போட்டாச்சே!"

இந்த ஒரு வாக்கியத்தோடதான் எனக்குச் சண்டை.

குரூப்ல போட்டாச்சு. அதாவது என் கடமை முடிஞ்சுது, இனிமே பாக்காதது உன் தப்பு. சொன்னவனுக்கு ரசீது கிடைச்சாச்சு, கேக்க வேண்டியவனுக்குக் கேட்டுதான்னு யாருக்கும் கவலை இல்லை. 2020ல கொரோனா வந்து காலேஜை மூடினப்ப வேற வழி இல்லாம வாட்ஸப்புக்குப் போனோம். சரி. காலேஜ் திறந்து இத்தனை வருஷம் ஆச்சே, இன்னும் ஏன் அங்கேயே உக்காந்திருக்கோம்? சுலபமா இருக்கு, அதான். யாருக்குச் சுலபம்? எனக்கு.

நாம படிச்ச காலத்துல சர்குலர் நோட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா? வகுப்பு நடந்துட்டிருக்கும்போது அட்டெண்டர் வாசல்ல வந்து நிப்பார். பாடம் நிக்கும் (ஆஹா!). வாத்தியார் நோட்டை வாங்கிச் சத்தமா வாசிப்பார். கீழே கையெழுத்துப் போடுவார். அட்டெண்டர் அடுத்த வகுப்புக்குப் போவார். எந்த வகுப்புக்குச் சொல்லியாச்சு, எதுக்குச் சொல்லலைன்னு அந்த நோட்டைப் புரட்டினாலே தெரிஞ்சுடும். அன்னிக்கு வராதவனுக்குப் பக்கத்துல உக்காந்தவன் சொல்வான். போன் இல்லாதவன், ரீசார்ஜ் பண்ணாதவன், அண்ணன் நம்பர் குடுத்தவன்னு தனி ஜாதியே கிடையாது. வகுப்புல உக்காந்திருந்தா காதுல விழும்.

இப்ப நம்ம குரூப் எப்படி இருக்கு? மாற்றம்னு ஒரு மெசேஜ் வரும். கீழே ஐம்பது "ஓகே சார்". நடுவுல யாருக்கோ பிறந்தநாள், கேக் படம். அப்புறம் ஒரு ரத்ததான ஃபார்வர்டு. சாயங்காலம் டேட்டா போட்டுட்டு உள்ளே வர்றவன் அந்த அறிவிப்பைத் தோண்டி எடுக்கணும். பொண்ணுங்க விஷயம் இன்னும் மோசம். குரூப்ல சேர்ந்தா நம்பர் எல்லார் கண்ணுலயும் படும், யாராவது ஒருத்தன் ராத்திரி "ஹாய்" அனுப்புவான். அதுக்குப் பயந்தே பல பேர் அப்பா நம்பர், அண்ணன் நம்பர்னு குடுத்துடறாங்க. அந்தப் போன் வேலைக்குப் போற ஆளோட பாக்கெட்டுல இருக்கு.

இதுல உச்சகட்டக் காமெடி என்னன்னா, பல காலேஜ்ல வளாகத்துக்குள்ள போனுக்குத் தடை. 2005ல அண்ணா பல்கலைக்கழகம் டிரஸ் கோடோட சேர்த்து செல்போனுக்கும் தடை போட்டப்ப பதிவுலகமே அடிச்சுக்கிட்டது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த மனப்பான்மை இன்னும் அப்படியே இருக்கு. வகுப்புல போனை வெளியே எடுத்தா பிடுங்கி வெச்சுக்கிட்டு, அப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொல்றது. அதே வாத்தியார் மத்தியானம் ரெண்டு மணிக்கு, "மூணு மணி வகுப்பு நாலாவது மாடிக்கு மாத்தியாச்சு"ன்னு அதே போனுக்கு மெசேஜ் அனுப்பறது. என்ன கொடுமை சார் இது!

இன்னொண்ணு, தேதி. மழைக்காலத்துல பாத்திருப்பீங்க. கலெக்டர் விடுமுறை அறிவிச்சதா காலையில ஒரு ஃபார்வர்டு சுத்தும். நிம்மதியா இழுத்துப் போர்த்திப் படுத்தா, அது போன வருஷத்து அறிவிப்பு. உண்மையாவே லீவு விட்டாலும் பள்ளிக்கு மட்டுமா, கல்லூரிக்கும் சேர்த்தான்னு தெரியறதுக்குள்ள தூரத்துப் பிள்ளைங்க பாதி வழி வந்திருப்பாங்க. "இன்று", "நாளை" இந்த ரெண்டு வார்த்தையையும் அறிவிப்புல எழுதக்கூடாதுன்னு சட்டமே போடலாம். எழுதற நேரமும் படிக்கற நேரமும் வேற வேறங்கறது எழுத்தோட அரிச்சுவடி. அதை நான் வகுப்புல ஒரு மணி நேரம் லெக்சர் அடிச்சிருக்கேன், வெக்கமில்லாம.

சரி, எதிர்க்கட்சி வாதங்களுக்கு வர்றேன். எப்படியும் பின்னூட்டத்துல வந்து கும்மப் போறீங்க.

"நாள் பூரா ரீல்ஸ் பாக்கறானுங்க, இதைப் பாக்க மாட்டானுங்களா?" பாக்கறவன் இருக்கான், மறுக்கலை. அவனுக்காகவா சட்டம் போடறோம்? அந்த 31 பேருக்கு எப்படியும் தெரிஞ்சுடும். அறிவிப்பு மீதி 15 பேருக்குத்தான்.

"நாளைக்கு வேலைக்குப் போனா ராத்திரிதான் மெயில் வரும், பழகிக்கட்டும்." எனக்கும் ஆபீஸ்ல ராத்திரி மெயில் வருது. மாசம் பொறந்தா சம்பளமும் வருது. போதுமா?

"மேலே இருந்தே கடைசி நிமிஷத்துலதான் சொல்றாங்க, நாங்க என்ன பண்றது?" இது மட்டும் நியாயம். பல்கலைக்கழகம் முதல்வர் தலையில போடுது, முதல்வர் துறைத்தலைவர் தலையில, அவர் என் தலையில, நான் பசங்க தலையில. அவங்களுக்குக் கீழே தலை இல்லை. அதனாலதான் கேக்கறேன், சங்கிலி நம்மகிட்டயாவது நிக்கக் கூடாதா? மார்க் ஏத்த வேண்டிய தேதி என்னோட பிரச்சினை. நேரா போய் ரெண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். கேக்கலை. பதினோரு மணிக்கு 46 பிள்ளைங்களை விரட்டறது, துறைத்தலைவர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதை விட எனக்குச் சுலபமா இருந்துச்சு.

அமெரிக்காவுல இருக்கற பதிவர்கள் இப்ப "சிலபஸ்"னு ஆரம்பிப்பீங்க. ஆரம்பிங்க, இந்த விஷயத்துல உங்க பக்கம்தான் நான். அங்கே காலேஜ்ல முதல் வருஷ எழுத்து வகுப்புல சிலபஸ்னா முதல் வாரமே கையில வர்ற தாள். எந்தத் தேதிக்கு எந்தக் கட்டுரை, லேட்டானா எவ்வளவு கழிப்பாங்க, வாத்தியாரை எப்போ எங்கே பாக்கலாம், எல்லாம் அதுல இருக்கும். நம்ம ஊர்ல சிலபஸ்னா அஞ்சு யூனிட்டு, கீழே பார்வை நூல்கள். என்ன படிக்கணும்னு இருக்கும். எப்போன்னு இருக்காது. கூகுள் கிளாஸ்ரூம் 2014ல வந்துடுச்சு, அதுல தேதியோட போடலாமேன்னு ஒரு நண்பர் கேட்டார். போடலாம், தாராளமா. ஆனா அதுவும் போன்லதானே ஐயா திறக்கணும்?

என் கட்சி இதுதான். ஒப்படைக்கற தேதியைத் தள்ளிப் போடலாம், முன்னாடி இழுக்கவே கூடாது. வகுப்புல வாயால சொல்லி, போர்டுல எழுதாத எந்த மாற்றமும் மாற்றமே இல்லை, பழைய தேதிதான் செல்லும். வாட்ஸப் வேணும்னா அதுக்கு மேல ஒரு ஞாபகப்படுத்தலா இருந்துட்டுப் போகட்டும். சொல்லாத மாற்றத்துக்கு மார்க்கைக் கழிச்சா அது வாத்தியாரோட சைபர், பிள்ளையோடது இல்லை. வகுப்பு ரெப்பைத் தபால்காரனா ஆக்கி, அவன் தப்பாச் சொல்லிட்டான்னு அவன் மேல பழி போடற வேலையும் கூடாது, பாவம் அவனும் படிக்கத்தானே வந்திருக்கான்.

அந்தப் பதினஞ்சு பேர் கதை என்னாச்சுன்னா, தப்பு என்னோடதுன்னு ஒரு கடிதம் எழுதிக் குடுத்தேன். 'தவிர்க்க இயலாத காரணம்' எல்லாம் இல்லாம, தேதி கிழமையோட. "இப்படியெல்லாம் எழுதிக் குடுக்க வேண்டாமே சார், ரெக்கார்டு ஆயிடும்"னாங்க. ஆகட்டும்னேன். திருத்தப் பட்டியல் போய், மார்க் ஏற மூணு வாரம் ஆச்சு. அதுக்குள்ள பிரின்சிபால் அறை வாசல் பெஞ்சுல ரெண்டு தடவை உக்காந்துட்டு வந்தேன். படிக்கற காலத்துல கூட உக்காந்ததில்லை.

இந்த செமஸ்டர்ல இருந்து ஒரு பழக்கம் வெச்சிருக்கேன். போர்டுல வலது பக்க மூலையில கோடு போட்டு, அடுத்த அசைன்மென்ட் அறிவிப்பை நான் எழுதுவேன். முதல் பத்து நிமிஷம் வகுப்பு அதைத் திருத்தணும். பசங்களுக்கு ஏக குஷி, வாத்தியார் எழுதினதுல தப்பு கண்டுபிடிக்கறதுன்னா சும்மாவா!

போன வாரம் ரொம்பப் பெருமையா, தேதி, கிழமை, பக்க அளவு எல்லாம் போட்டு எழுதிட்டுத் திரும்பினேன். இப்ப மூணாவது வருஷத்துல இருக்கற அந்த ரேஷன் கடைப் பொண்ணு வேற எதுக்கோ வந்து வாசல்ல நின்னுட்டிருந்துச்சு. போர்டைப் படிச்சுப் பார்த்துட்டுக் கேட்டுச்சு:

"சார், நீங்க சனிக்கிழமைதான வருவீங்க. புதன்கிழமைன்னு போட்டிருக்கீங்க. அன்னிக்கு யார்கிட்ட குடுக்கறது?"

சாக்பீஸை அது கையில குடுத்துட்டேன்.