பூந்தமல்லி நாயக்கர்மேல் ஒரு பழி

சென்னையை ஆங்கிலேயருக்குத் தாரை வார்த்தவர்கள் என்று வந்தவாசி வேங்கடாத்ரி நாயக்கரையும், பூந்தமல்லியிலிருந்த அவர் சகோதரர் ஐயப்பரையும் ஏசுவாருண்டு. இது நியாயமன்று.

1639-ல் பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டியிருந்தனர், சாந்தோமில் போர்த்துகீசியர். ஆங்கிலேயரோ ஆர்மகானில் காலூன்ற இயலாது தவித்த வர்த்தகர்களே. நாட்டில் வியாபாரம் பெருகவேண்டும், பாரசீகக் குதிரைகள் கிடைக்கவேண்டும், அண்டை அயலார் நெருக்கினால் ஒதுங்க ஒரு கோட்டை வேண்டும் என்று வேங்கடாத்ரி விரும்பியதாக ஆங்கிலேயர் கடிதமே கூறுகிறது. வங்காளத்துக் குரங்கிலும் கிளியிலுங்கூட அவருக்கு ஆசையாம்! இரண்டாண்டுகளுக்குப்பின் வருமானத்தில் பாதி தமக்கே என்று பட்டயத்தில் நிபந்தனையும் விதித்தார்.

பிளாசி யுத்தம் நிகழ்ந்தது 1757-ல். அதாவது 118 ஆண்டுகள் கழித்து. அதை முன்னறியாத குற்றத்திற்கா துரோகிப் பட்டம்? தந்தை சென்னப்பரின் பெயரை ஊருக்கு வைக்கவேண்டுமென்று நாயக்கர்கள் கேட்டதாகவும் சொல்வர். அப்பெயரைத்தான் நாம் இன்றும் வழங்குகிறோம்.