சந்தைக்கு வேண்டிய பத்து வார்த்தை

சென்ற ஆனித் திருமஞ்சனத்தின்போது சிதம்பரத்தில் என் பால்ய நண்பர் ஒருவர் வீட்டில் நான்கு நாள் தங்கியிருந்தேன். அவருடைய மூத்த குமாரன் ஆப்பிரிக்காவில் கானா தேசத்தில், குமாசி என்ற ஊரில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தான். கொத்சுவுக்குப் பிஞ்சுக் கத்தரிக்காய் வாங்கி வரும்படி தாயார் சொல்ல, பையன் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினான். நானும் துணைக்குப் போனேன். காய்க்கார அம்மாள் விலையைச் சொன்னாளோ இல்லையோ, பையன் சட்டென்று, “தே ஸோ, தே ஸோ!” என்றான்.

அந்த அம்மாள் அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். “தம்பிக்கு என்னா ஒடம்பு?” என்று என்னைக் கேட்டாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. நாலு வருஷமாக வாரந்தோறும் சந்தைக்குப் போய்ப் பழகிய நாக்கு, சிதம்பரம் என்பதை மறந்துவிட்டது, அவ்வளவுதான். குமாசி வட்டாரத்து மக்கள் பேசும் ட்வி பாஷையில் ‘தே ஸோ’ என்றால் ‘விலையைக் குறை’ என்று அர்த்தமாம். ‘எயே சென்’ என்றால் ‘என்ன விலை’. ‘மெப்பாச்சோ’ என்பது ‘தயவு செய்து’. ‘மெதாசே’ என்பது வந்தனம். இவ்வளவும் வீட்டுக்குத் திரும்பும் வழியிலேயே எனக்குப் பாடம் ஆயிற்று.

இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு வார்த்தை இருக்கிறதாம். காலை வேளையானால் ‘மாச்சே’, மத்தியானமானால் ‘மாஹா’. அந்த முகமன் சொல்லாமல் நேரே விலையைக் கேட்பவனை அங்கே மரியாதை தெரியாதவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். நம் ஊரில் ‘யக்கா’ என்றோ ‘ஆயா’ என்றோ கூப்பிடாமல், சொத்துக்கு உடையவனைப் போலக் கூடையில் கை வைத்துக் காயைப் புரட்டுகிறவனுக்கு என்ன கிடைக்குமோ அதுதான் அங்கும் கிடைக்கும்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன வார்த்தை ‘ந்தோசோ’. பேரம் முடிந்து, காசு கைமாறி, பையில் சாமான் விழுந்த பிறகு, விற்பவள் தானாக மேலே ஒன்றோ இரண்டோ எடுத்துப் போடுகிறாளே, அதற்குப் பெயர் ந்தோசோ. அதாவது நம்முடைய கொசுறு! கறிவேப்பிலைக் கொசுறு தமிழ்நாட்டின் தனிச் சொத்து என்று இத்தனை நாள் கர்வப்பட்டுக்கொண்டிருந்தேன். வங்காளத்தில் இதை ‘ஃபாவு’ என்கிறார்கள் என்பது ஏற்கெனவே தெரியும். இப்போது ஆப்பிரிக்காவும் சேர்ந்துகொண்டது. இன்னொரு தகவலும் சொன்னான் பையன். கானாவில் 1965-ல் வந்த நாணயத்தின் பெயர் ‘சீடி’. சோழியைக் குறிக்கும் அந்நாட்டுச் சொல்லிலிருந்து வந்த பெயராம் அது. நாம் பல்லாங்குழிக்கும் தாயத்துக்கும் வைத்துக்கொண்ட சோழி, அங்கே ஒரு காலத்தில் காசாகவே புழங்கியிருக்கிறது.

பையன் இந்தப் பாஷையைக் கற்ற விதம்தான் நான் சொல்ல வந்த விஷயம். போன முதல் ஆறு மாதம் இங்கிலீஷை வைத்தே காலம் தள்ளினானாம். அந்நாட்டின் ஆட்சிமொழி இங்கிலீஷ்தான். ஆகவே ஆபீசில் கஷ்டமில்லை. குமாசியில் கெஜேத்தியா என்று ஒரு சந்தை இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. வியாபாரம் அனேகமாகப் பெண்கள் கையில். ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தலைவி உண்டு. அவளுக்கு ‘ராணி’ என்றே பட்டம். தக்காளிக்கு ஒரு ராணி, வள்ளிக்கிழங்குக்கு ஒரு ராணி. அங்கே தக்காளி விற்கும் ஒரு கிழவிக்கு இங்கிலீஷில் விலை சொல்லத் தெரியுமாம். ஆனால் இவன் கேட்டால் சொல்ல மாட்டாளாம்! ட்வியில் இவன் திக்கித் திணறிக் கேட்கிற வரையில் வாயை மூடிக்கொண்டிருப்பாள். கேட்டுவிட்டால் பக்கத்துக் கடைக்காரிகளைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரிப்பாள்; பிறகு தப்பைத் திருத்துவாள்; கடைசியில் ந்தோசோவாக இரண்டு தக்காளி கூடப் போடுவாள். சம்பளம் வாங்காமல், மேற்கொண்டு தக்காளியும் கொடுத்துப் பாஷை கற்பிக்கும் வாத்தியார் வேறு எங்கே கிடைப்பார்?

இதைக் கேட்டதிலிருந்து கடலூரைப் பற்றித்தான் எனக்கு யோசனை.

கடலூருக்கு அந்நிய பாஷை புதிது அல்ல. 1690-ல் இங்கிலீஷ் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராத்தியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எட்டுகிற தூரம் வரையில் உள்ள கிராமங்களும் சேர்த்தி என்பது பேச்சு. அந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. அந்தக் காலத்தில் இந்தக் கரையில் இரண்டு பாஷை தெரிந்தவன் ராஜா. அவனுக்குத் துபாஷி என்று பட்டம். பக்கத்துப் புதுச்சேரியில் டூப்ளேயின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால், பாஷை தெரிந்தவன் கையில் வியாபாரமும் அரசியலும் எப்படிச் சுழன்றன என்பது விளங்கும். தெற்கே தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு பாதிரியாரோ, துபாஷியை மட்டும் நம்பியிருக்கவில்லை. குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் ‘அ’, ‘ஆ’ எழுதித் தமிழ் படித்தார்.

போர்த்துகீசியர் பரங்கிப்பேட்டையை விட்டுப் போய் எத்தனையோ காலமாகிவிட்டது. ஆனால் அவர்கள் கொடுத்துவிட்டுப் போன வார்த்தை தினமும் விடியற்காலையில் கடலூர் முதுநகர் மீன் இறங்குதுறையில் ஒலிக்கிறது. ‘ஏலம்’ என்ற சொல் அவர்களுடையது. சாவியும் ஜன்னலும் அலமாரியும் அப்படியே. கொடுத்தவர்கள் அவர்கள் மட்டுமல்ல; நாமும் கொடுத்திருக்கிறோம். மலாய்க்காரன் கடையைக் ‘கெடாய்’ என்கிறான். வியாபாரத்தில் போடும் முதலை ‘மோடால்’ என்கிறான். இந்தக் கரையிலிருந்து கப்பலேறிய வியாபாரிகள் விட்டுவந்த சொற்கள் அவை. போனவர்கள் ‘பெராப்பா’ என்று விலை கேட்கவும், ‘மஹால்’ என்று முகத்தைச் சுளிக்கவும் கற்றுக்கொண்டார்கள். இதற்கு எந்த சர்க்காரும் உத்தரவு போடவில்லை.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. பிழைப்பைத் தேடி வெளியே போன ஊருக்கு, பிழைப்பைத் தேடி வெளியார் வருகிறார்கள். ஒரிஸ்ஸா, பீகார், வங்காளத்துப் பையன்கள் கடலூர்த் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலையிலும் ஓட்டல் சமையற்கட்டுகளிலும் இருக்கிறார்கள். காவிரிப் பாசனப் பகுதியில் நடவுக்குக்கூட வங்காளத்திலிருந்து கோஷ்டி கோஷ்டியாக வருகிறார்கள். சாயங்காலமானால் இவர்களும் திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவுக்கு வரத்தானே வேண்டும்? உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயும் வாங்கத்தானே வேண்டும்?

அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். நம்முடைய கடைக்காரர்களில் பலர் இவர்களுக்காக அரைகுறை ஹிந்தி பேசுகிறார்கள். ‘கித்னா’, ‘பீஸ் ருப்பையா’, ‘ஜல்தி’ என்று ஓட்டுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான், நான் குறை சொல்லவில்லை. வியாபாரி தன் வாடிக்கைக்காரனின் எண்ணைக் கற்பது தொழில் தர்மம். ஆனால் கேட்கிற பையனுக்கு வீட்டுப் பாஷை ஒரியா; அவன் ஊரில் விலை கேட்பது ‘கெத்தே’ என்று. வங்காளிக்கு அது ‘கொத்தோ’. இருவரும் தமக்குச் சொந்தமில்லாத ஒரு பாஷையின் துண்டுகளை வைத்துக்கொண்டு மாரடிக்கிறார்கள். அந்தப் பையன் மூன்று வருஷம் கடலூரில் இருந்துவிட்டு ‘எவ்வளவு’ என்ற ஒரு வார்த்தை தெரியாமல் ஊர் திரும்புகிறான். நஷ்டம் யாருக்கு?

அவனுக்குத்தான் முதல் நஷ்டம். ஜுரம் வந்தால் ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று சொல்ல வாயில்லை. கூலியில் ஐம்பது குறைந்தால் கேட்க வாயில்லை. மேஸ்திரி சொல்வதுதான் கணக்கு. சந்தையில் பத்து வார்த்தை பேசத் தெரிந்தவனை அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடியாது. ‘கட்டுப்படியாகாது’ என்று தமிழில் சொல்லத் தெரிந்த கூலியாளிடம் எந்த மேஸ்திரியும் கொஞ்சம் யோசித்துத்தான் பேசுவான்.

பாஷையைப் பற்றி எழுதும்போது நம் ஜில்லாவில் கொஞ்சம் நிதானம் வேண்டியிருக்கிறது. 1965 ஜனவரி 27-ஆம் தேதி, ஹிந்தித் திணிப்பை எதிர்த்த கிளர்ச்சியில், அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். அந்த மண்ணில் நின்றுகொண்டு, வடநாட்டானுக்குத் தமிழைக் கட்டாயமாக்கு என்று ஒருவன் சொன்னால் அது நாக்கூசும் காரியம். கட்டாயம் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் கட்டாயம்தான். நான் சொல்வது தக்காளிக் கிழவியின் வழி. ஒரு சிரிப்பு, ஒரு திருத்தம், இரண்டு தக்காளி.

அந்த வழியிலும் சங்கடம் இல்லாமல் இல்லை. கானாவின் தலைநகரான அக்ராவில் ஆதிகுடிகள் கா என்ற இனத்தார். அவர்களுக்குத் தனி பாஷை உண்டு. ஆனால் சந்தையில் ட்வி பரவிப் பரவி, தங்கள் ஊரிலேயே தங்கள் பாஷை ஒடுங்குகிறதே என்று அவர்களுக்குக் குறை உண்டாம். உத்தரவே இல்லாமல் சந்தையும் ஒரு பாஷையை அமுக்கிவிடக்கூடும். ஆகவேதான், வருகிறவனோடு தமிழிலே பேச்சைத் தொடங்குங்கள் என்று நம் கடைக்காரர்களைக் கேட்கிறேன்.

கற்றுக்கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? ‘முப்பது நாளில்’ என்று தலைப்பிட்ட புத்தகங்கள் இருக்கின்றன. நல்ல புத்தகங்களே. ஆனால் அவற்றைப் படித்துவிட்டு ஒருவன் மீன்காரியிடம் போய், “அம்மையே, இம்மீனின் விலை யாது?” என்று கேட்டால் அந்த அம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவாள்! நாம் எழுதுவது ஒரு தமிழ், பேசுவது ஒரு தமிழ். ‘எவ்வளவு’ என்று எழுதுவதைச் சந்தையில் ‘எவ்ளோ’ என்கிறோம். வெளியூரான் தடுக்கி விழுவது இந்த வரப்பில்தான். போதாததற்குச் சந்தைக்கென்றே தனிச் சொற்கள் வேறு. மீனைக் கூறு என்கிறோம். கீரையைக் கட்டு என்கிறோம். பூவை முழம் என்கிறோம். ‘பாத்துப் போடுங்க’ என்றால் கண்ணால் பார்ப்பது அல்ல என்று எந்த அகராதியைப் பார்த்து அவன் தெரிந்துகொள்வான்? ஒன்று மட்டும் அவனுக்குச் சுலபம். காலையில் முதல் வியாபாரத்தை நாம் போணி என்கிறோம். வடக்கேயும் ‘போஹனி’ என்கிறார்கள். அங்கேயும் முதல் ஆளைச் சும்மா அனுப்ப மனம் வராது.

படிப்பில்லாத ஜனங்களுக்கு இதெல்லாம் ஏறுமா என்று சிலர் கேட்கிறார்கள். 1957-ல் அணாவும் தம்பிடியும் போய் நயா பைசா வந்தது. அதைத் தொடர்ந்து வீசையும் பலமும் போய்க் கிலோ வந்தது. நம் கூடைக்கார ஆயாக்கள் எந்த வகுப்பில் போய் உட்கார்ந்து அதைக் கற்றார்கள்? வயிறு இருக்கிற இடத்தில் பாடம் தானே ஏறும்.

சிதம்பரத்தில் 1929-ல் ஏற்பட்ட பல்கலைக்கழகம் இருக்கிறது. தெ. பொ. மீனாட்சிசுந்தரனார் போன்ற மேதைகள் மொழியியல் வளர்த்த இடம் அது. பேச்சுத் தமிழை ஒலி ஒலியாகப் பிரித்து ஆராய்ந்தவர்கள் அங்கே உண்டு. அந்தத் துறை மாணவர்கள் நாலு பேர் ஒரு வாரம் கடலூர்ச் சந்தையில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்டால் போதும். இருபது வாக்கியம் தேறும். அதை ஒரியா, வங்காள, ஹிந்தி எழுத்துக்களில் உச்சரிப்பு மாறாமல் ஒரே தாளில் அச்சிட்டு, டீக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் தொங்கவிடலாம். பெரிய செலவு ஒன்றுமில்லை. வருகிற பையன் விரலை வைத்துப் படிப்பான், தப்பாகச் சொல்வான், கடைக்காரர் திருத்துவார்.

பிறருக்கு யோசனை சொல்வதோடு நிற்கக் கூடாதென்று, நானே உட்கார்ந்து ஒரு தாளில் பன்னிரண்டு வாக்கியம் எழுதினேன். எங்கள் தெருமுனை டீக்கடையில் வேலை செய்யும் ஒரியாப் பையனிடம் கொடுத்து, அவன் எழுத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவன் கெட்டிக்காரன். ஐந்தாவது வாக்கியத்தில் நிறுத்தி, தலையை ஆட்டினான். “சாப், இது தப்பு” என்றான். நான் எழுதியிருந்தது ‘வேண்டாம்’ என்று. “யக்கா ‘வாணாம்’ சொல்லுது” என்றான். மறுநாள் மீன் கூடை வந்தபோது நானும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். அந்த அம்மாள் சொன்னது ‘வாணாம்’தான். தாளில் அடித்துத் திருத்திவிட்டேன்.