படைத்துறையின் நாவும் நாட்டின் வாக்கும்

2011ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி புதுடில்லியிலே ஒரு கூட்டறிக்கை வெளியாயிற்று. இந்திய வெளிவிவகார அமைச்சர் எஸ்.எம். கிருஷ்ணாவும் இலங்கை வெளிவிவகார அமைச்சர் பேராசிரியர் ஜி.எல். பீரிஸும் நடாத்திய பேச்சுவார்த்தையின் முடிவிலே பிறந்த அறிக்கை அது. பதின்மூன்றாவது திருத்தத்தின் மீது கட்டியெழுப்பப்படும் அதிகாரப் பகிர்வுத் திட்டம் ஒன்று இன நல்லிணக்கத்துக்கு வேண்டிய சூழ்நிலையை உண்டாக்க உதவும் என்னும் கருத்து அதிலே இடம்பெற்றிருந்தது. மூன்று மாதங்கள் செல்லவில்லை. ஆகஸ்ட் மாதத்திலே இந்தியத் தொலைக்காட்சி ஒன்றுக்குப் பேட்டியளித்த இலங்கைப் பாதுகாப்புச் செயலாளர் கோத்தாபய ராஜபக்ஷ, உள்ள அரசியலமைப்பே போதுமானது, அதிகாரப் பகிர்வில் அதற்கு மேற் செல்லவேண்டிய அவசியமில்லை என்ற கருத்துப்படக் கூறினார். அத்துடன் அமைந்தாரா? இல்லை. தமிழ்நாட்டுச் சட்டசபை ஜூன் மாதத்திலே நிறைவேற்றிய தீர்மானத்துக்கும் அதனைக் கொண்டுவந்த முதலமைச்சர் ஜெயலலிதாவின் உள்நோக்கத்துக்கும் சேர்த்துத் தீர்ப்பு வழங்கினார்.

மே மாதத்திலே பேசியவர் பாராளுமன்ற உறுப்பினர். சபையிலே எழுந்து நின்று வினாக்களுக்கு விடையிறுக்கும் கடப்பாடுடையவர். ஆகஸ்ட் மாதத்திலே பேசியவரை எந்த வாக்காளரும் தெரிவு செய்யவில்லை. எந்த உறுப்பினரும் அவரைச் சபையிலே எழுப்பி வினவ இயலாது. இவ்விருவருள் எவர் வாக்கை இலங்கையின் வாக்கு என்று புதுடில்லி கொள்வது? எவர் வாக்கை நம்பித் தமிழ் பேசும் மக்கள் காத்திருப்பது? பின்னர் நடந்தவற்றைக் கொண்டு பார்த்தால் விடை வெளிப்படை. அமைச்சர் ஒப்புக்கொண்ட திட்டம் வரவேயில்லை. செயலாளர் சொன்னதே நடந்தது. 2012ஆம் ஆண்டிலே அதே செயலாளர் பதின்மூன்றாவது திருத்தத்தையே நீக்கிவிடவேண்டும் என்று பகிரங்கமாகப் பேசுமளவுக்குச் சென்றார்.

மாகாண சபை உள்நாட்டு விடயம், அதைப் பற்றி ஓர் உத்தியோகத்தர் பேசினால் வெளிநாட்டுக் கொள்கைக்கு என்ன வந்தது என்று கேட்பாரும் உளர். பதின்மூன்றாவது திருத்தம் எங்கிருந்து வந்தது என்பதை அன்னார் மறந்துவிட்டனர் போலும். 1987 ஜூலை 29ஆந் திகதி கொழும்பிலே ஜே.ஆர். ஜயவர்தனாவும் ராஜீவ் காந்தியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தின் பிள்ளை அத்திருத்தம். அவ்வாண்டு நவம்பரிலே சட்டமாயிற்று. இரண்டு அரசுகளுக்கிடையே எழுதப்பட்ட ஓர் உடன்பாட்டின் மறு பாதி அது. அதனைக் காப்பதோ கைவிடுவதோ அயல்நாட்டுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பதும் கைவிடுவதுமாகும். ஆதலால், தமிழரின் அரசியல் உரிமை பற்றிப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் பொது மேடையிலே வாய் திறக்கும்போதெல்லாம் அவர் வெளிநாட்டுக் கொள்கையையே பேசுகின்றார். அதை அவர் அறிந்து செய்தாலும் ஒன்றே. அறியாது செய்தாலும் ஒன்றே.

இஃது ஒரு மனிதரின் வாய்த்துடுக்குப் பற்றிய குற்றச்சாட்டு அன்று. அப்படியாயின் இத்தனை வரிகள் அதற்கு வேண்டியதில்லை. 2008 டிசம்பரிலே, வன்னியிலே போர் மூண்டிருந்த வேளை, இராணுவத் தளபதி சரத் பொன்சேகா அரசாங்கப் பத்திரிகை ஒன்றுக்கு அளித்த பேட்டியிலே தமிழ்நாட்டுத் தலைவர்களைக் கோமாளிகள் என்று ஏசினார். இந்தியாவிடம் வருத்தந் தெரிவிக்கும் நிலை இலங்கை அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. 2014 ஆகஸ்டிலே பாதுகாப்பு அமைச்சின் இணையத்தளத்திலேயே, இந்தியப் பிரதமருக்கு ஜெயலலிதா எழுதிய கடிதங்களைக் கொச்சைப்படுத்தும் கட்டுரையும் படமும் வெளிவந்தன. தமிழ்நாடு கொதித்தெழுந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பை அதே அமைச்சு கேட்டது. ஒரு நாட்டின் படைத்துறை அமைச்சு அயல்நாட்டுப் பெண் முதலமைச்சர் ஒருவரைப் பற்றி எள்ளல் எழுதுவதற்கென்று இணையத்தளம் நடாத்திய விந்தையை வேறெங்கே காண்பது?

2018 பெப்ரவரி 4ஆந் திகதி இலண்டனிலே நடந்தது இன்னுங் கேவலமானது. இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தின் பாதுகாப்பு ஆலோசகராயிருந்த ஒரு பிரிகேடியர், வெளியே ஆர்ப்பாட்டஞ் செய்த தமிழரை நோக்கிக் கழுத்தறுப்பது போலச் சைகை காட்டினார். வாய்ச்சொல் ஒன்றுமில்லை, ஆயினும் உலகெங்கும் அது கேட்டது. வெளிவிவகார அமைச்சு அவரை இடைநிறுத்தியது. சில தினங்களுள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அவ்விடைநிறுத்தத்தை நீக்கினார். இந்நாட்டிலே தூதுவ சேவைக்கும் படைத்துறைக்கும் பிணக்கு நேர்ந்தால் எது வெல்லும் என்பதற்கு இதைவிடச் சாட்சியம் வேண்டுமா?

சட்டம் என்ன சொல்கின்றது என்று பார்ப்போம். அரசியலமைப்பின் 52ஆம் உறுப்புரை அமைச்சின் செயலாளரை அமைச்சரின் பணிப்புக்கும் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டவராகவே வைத்திருக்கின்றது. திணைக்களங்களை மேற்பார்வை செய்வது அவர் வேலை. கொள்கையைப் பிரகடனஞ் செய்வது அவ்வேலையிலே எங்கே வருகின்றது? தாபனக் கோவையின் இரண்டாம் தொகுதியிலே 47ஆம் அத்தியாயம் உண்டு. அரசாங்க உத்தியோகத்தர் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுப்பதை அது கட்டுப்படுத்துகின்றது. அரசாங்கத்தைச் சங்கடத்துக்குள்ளாக்கக்கூடிய செய்தி, உண்மையேயாயினும், வெளிவிடலாகாது என்பது அதன் சாரம். இந்த அத்தியாயம் யார் மீது பாய்கின்றது? முகநூலிலே நாலு வரி எழுதிய ஆசிரியர் மீது; மருந்துத் தட்டுப்பாட்டைச் சொன்ன வைத்தியர் மீது. 2022ஆம் ஆண்டு செப்டெம்பரிலே சமூக ஊடகங்களிலே கருத்துத் தெரிவிக்கலாகாதென அரச ஊழியருக்கு ஒரு சுற்றுநிருபமே அனுப்பினர். கிளிநொச்சியிலே ஒரு லிகிதர் தம் கந்தோரின் குறையைச் சொன்னால் குற்றப்பத்திரம். கொழும்பிலே ஒரு செயலாளர் அயல்நாட்டு முதலமைச்சரை ஏசினால் தேசபக்தி. நன்று, நன்று!

இந்நோய் எப்போது பற்றியது என்பதையும் சிறிது நோக்கவேண்டும். சோல்பரி அரசியலமைப்பு பாதுகாப்பையும் வெளிவிவகாரத்தையும் ஒரே அமைச்சாக்கிப் பிரதமரின் கையிலே கொடுத்திருந்தது. 1977ஆம் ஆண்டு வரை அவ்வேற்பாடு நீடித்தது. அதன் தீமைகளைத் தமிழர் நன்கறிவர். அக்காலத்தைப் பொற்காலமென்று போற்ற நான் வரவில்லை. ஆயினும் ஒரு நன்மை இருந்தது. வெளிநாட்டுக்குச் சொல்லப்பட்ட சொல்லுக்கும் படைக்கு இடப்பட்ட கட்டளைக்கும் ஒருவரே பொறுப்பு. அவர் சபையிலே எதிர் வரிசையின் முகத்தைப் பார்த்தபடி அமர்ந்திருந்தார். 1977ஆம் ஆண்டிலே இரண்டும் பிரிந்தன. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு பாதுகாப்பை நிறைவேற்று ஜனாதிபதியிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. அமைச்சர் சபைக்கு வெளியே அமர்ந்தார். அவருடைய இடத்திலே செயலாளர் பேசத் தொடங்கினார்.

படைத்துறையினர் சொல்லும் வார்த்தை காற்றோடு போய்விடும் என்று எண்ணுவது சர்வதேசச் சட்டம் அறியாதார் கூற்று. பசிபிக் சமுத்திரத்திலே பிரான்ஸ் நடாத்திய அணுகுண்டுப் பரிசோதனைகளை எதிர்த்து அவுஸ்திரேலியாவும் நியூசீலாந்தும் ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றன. 1974 டிசம்பர் 20ஆந் திகதி தீர்ப்பளித்த நீதிமன்றம், வானிலே இனிக் குண்டு வெடிப்பதில்லை என்று பிரான்ஸ் பகிரங்கமாகச் சொன்னதே அதனைக் கட்டுப்படுத்தும் என்று கண்டது. எவரெவர் சொற்களை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது? ஜனாதிபதியின் சொல்லை, வெளிவிவகார அமைச்சரின் சொல்லை, பாதுகாப்பு அமைச்சர் தொலைக்காட்சியிலே சொன்ன சொல்லையுங்கூட. 2006ஆம் ஆண்டு கொங்கோ, ருவாண்டா வழக்கிலே அதே நீதிமன்றம், தத்தம் துறை சார்ந்த விடயங்களிலே ஏனைய அமைச்சர்களும் அரசைக் கட்டுப்படுத்தும் வாக்குக் கொடுக்க இயலும் என்பதை ஏற்றுக்கொண்டது. செயலாளர் அமைச்சரல்லர் என்பது மெய்யே. ஆனால் அமைச்சர் அருகிருந்து மௌனஞ் சாதிக்கும்போது வெளிநாட்டார் அந்த வேறுபாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பரோ? சட்டத்தரணி மன்றிலே ஒன்று சொல்ல, அவருடைய லிகிதர் வாசற்படியிலே எதிர்க்கட்சிக்காரரிடம் வேறொன்று சொன்னால், கட்சிக்காரர் கேட்டின்றித் தப்புவதெங்ஙனம்?

ஏனைய நாடுகள் இதனை எவ்வாறு நடாத்துகின்றன என்பதற்கு நெடுங்கதை வேண்டாம். 2022 ஜனவரியிலே ஜேர்மனியக் கடற்படைத் தளபதி ஷோன்பாக், புதுடில்லியிலே ஓர் ஆய்வு நிறுவனத்திலே, கிரைமியா போனது போனதுதான், புட்டினுக்கு மரியாதை கொடுக்கலாம் என்ற கருத்துப்படப் பேசினார். மறுநாளோ அடுத்த நாளோ பதவி துறந்து வீடு சென்றார். 1951 ஏப்ரலிலே அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், கொரியப் போரின் தளபதி மக்கார்தரைப் பதவி நீக்கியதை யாவரும் அறிவர். மக்கார்தர் அக்காலத்திலே அமெரிக்க மக்களின் கண்ணுக்கு வீர புருஷர்; ட்ரூமனுக்கோ மக்களிடை நற்பெயர் குன்றியிருந்தது. வீரன் என்பதற்காக வெளிநாட்டுக் கொள்கையை அவனிடம் ஒப்படைக்க ட்ரூமன் உடன்படவில்லை. எங்கள் வள்ளுவர் தூதுக்கு ஓர் அதிகாரமும் படைமாட்சிக்கு வேறோர் அதிகாரமும் வகுத்ததையும் இவ்விடத்தே நினைத்துக்கொள்ளலாம்.

எதிர்வாதங்களையும் கேட்போம். கோத்தாபய ஜனாதிபதியின் உடன்பிறந்தார், அவர் சொல் ஜனாதிபதியின் சொல்லேயன்றோ என்பர் சிலர். குருதி உறவு எந்த அரசியலமைப்பிலே பதவியாக எழுதப்பட்டிருக்கின்றது? 2019 நவம்பரிலே அவர் மக்கள் வாக்கினால் ஜனாதிபதியானார். அம்மாத முடிவிலே டில்லி சென்று, பெரும்பான்மை மக்களின் விருப்பத்துக்கு மாறாக அதிகாரப் பகிர்வு செய்ய இயலாது என்று பத்திரிகைக்குக் கூறினார். அக்கருத்தை யாம் அடியோடு மறுக்கின்றோம். ஆனால் அதைச் சொல்லும் உரிமை அன்று அவருக்கு இருந்தது. 2011இலே இருக்கவில்லை. கருத்து ஒன்றே, அதிகாரம் வேறு.

பேச்சுரிமை என்பர் வேறு சிலர். 14ஆம் உறுப்புரை பிரஜைக்குப் பேச்சுரிமை தருகின்றது. ஓய்வு பெற்ற தளபதி நூலெழுதட்டும்; மேடையேறட்டும்; தேர்தலிலே நிற்கட்டும். பதவியிலிருந்து கொண்டு பதவியின் பெயரால் பேசுவது பிரஜையின் பேச்சன்று. படையினரின் அடிப்படை உரிமைகளை ஒழுக்கத்தின் பொருட்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தலாம் என்று 15ஆம் உறுப்புரையே கூறுகின்றது.

மூன்றாவது வாதம் நம்மவரிடமிருந்தே வருகின்றது. அதற்குத்தான் யான் நின்று விடை கூறவேண்டும். இவர்கள் வாய் திறந்ததால் அன்றோ உண்மை வெளிவந்தது என்கின்றனர். 2009 பெப்ரவரியிலே, புதுக்குடியிருப்பு வைத்தியசாலை தாக்கப்பட்ட வேளையிலே, பாதுகாப்பு வலயத்துக்கு அப்பால் வைத்தியசாலையோ வேறெதுவோ இயங்கலாகாது என்ற கருத்தைக் கோத்தாபய ஒரு பிரித்தானியத் தொலைக்காட்சிக்குக் கூறினார். மனித உரிமை அமைப்புகள் அச்சொல்லை எடுத்துப் பதிந்துகொண்டன. அவர் வாயைக் கட்டியிருந்தால் அச்சான்று கிடைத்திருக்குமா? நியாயமான வினா. ஆயின் அச்சொல் உரைக்கப்பட்ட பின்னும் ஒரு வைத்தியசாலையாவது காப்பாற்றப்பட்டதா? அச்சொல்லைச் சபையிலே விளக்குமாறு எந்த அமைச்சரையாவது எவரேனும் நிர்ப்பந்திக்க முடிந்ததா? எமக்கு வேண்டுவது அவர்களின் மௌனமன்று. தெரிவுக் குழுவின் முன்னும் நீதிமன்றின் முன்னும் கேட்கப்படும் வினாக்களுக்கு அவர்கள் முழு உண்மையையும் உரைத்தே ஆகவேண்டும். அங்கே வாயடைத்து நின்று, தொலைக்காட்சியிலே அயல்நாட்டுக்கு அறிவுரை வழங்குவதே தலைகீழான ஒழுங்கு.

பேச்சுவார்த்தை மேசையிலே பாதுகாப்பு அதிகாரி அமர்வதையும் யான் ஆட்சேபிக்கவில்லை. கடல் எல்லை, கப்பல் வருகை, பயிற்சி என்பவற்றை அவரின்றி எவர் விளக்குவார்? மேசையிலே அவர் அறிவுரை கூறட்டும். முடிவை உலகுக்கு உரைப்பவர் பொறுப்புடைய அமைச்சராக இருக்கட்டும்.

இதெல்லாம் ராஜபக்ஷ ஆட்சியோடு தொலைந்த கதை என்று ஆறுதலடைவார்க்கு இரண்டு நிகழ்ச்சிகளை நினைவூட்டுவேன். 2022இலே சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் அம்பாந்தோட்டைக்கு வருவதை ஜூலை இறுதியிலே உறுதிப்படுத்தியது பாதுகாப்பு அமைச்சின் பேச்சாளரே. இந்தியா ஆட்சேபிக்கவே, வருகையைப் பிற்போடுமாறு வெளிவிவகார அமைச்சு சீனாவைக் கேட்டது. ஆகஸ்ட் 16ஆந் திகதி கப்பல் வந்தே சேர்ந்தது. இரண்டு வல்லரசுகளுக்கு முன்னே ஒரு சிறு தீவு இரண்டு குரலிலே பேசிய காட்சி அது. 2025 ஏப்ரல் 5ஆந் திகதி, இந்தியப் பிரதமர் மோடி கொழும்பு வந்திருந்த வேளை, இந்தியாவுடன் பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. கைச்சாத்திடும்போது அதன் வாசகம் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்டிருக்கவில்லை. உள்நாட்டுச் சட்டத்துக்கு அது முரணாகாது என்று நாட்டுக்கு உறுதி கூறியவர் பாதுகாப்புச் செயலாளர். அவர் கூறியது சரியாகவே இருக்கலாம். அவ்வுறுதி பொய்க்குமாயின் எவர் பதவி துறப்பார்?

வடமாகாண சபையின் ஆயுள் 2018 ஒக்டோபரிலே முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. இவ்வேளையிலே மாகாண சபை பற்றியோ இந்தியா பற்றியோ ஒரு செயலாளர் அல்லது தளபதி பொதுவிலே பேசுவாராயின், அடுத்த அமர்விலேயே தமிழ்க் கட்சியின் தலைவர் நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் எழுந்து, இஃது அரசாங்கத்தின் கொள்கையா என்று வெளிவிவகார அமைச்சரைக் கேட்க வேண்டும். ஆம் என்றால் அப்பொறுப்பை அமைச்சர் ஏற்கட்டும். இல்லையென்றால் அந்த உத்தியோகத்தர் மீது 47ஆம் அத்தியாயம் எப்போது பாயும் என்பது துணை வினா. வினாக்களை எழுதிக் கொடுப்பதற்கு நம்மிடையே சட்டத்தரணிகளுக்குப் பஞ்சமில்லை.