பேசாத நோய்க்கு நிதி ஒதுக்குவார் யார்?

நோய்களுள் ஊரறியப் பேசப்படுபவை சில. வீட்டுக்குள்ளேயே மறைக்கப்படுபவை சில. நீரிழிவைப் பற்றியும் இரத்த அழுத்தத்தைப் பற்றியும் நாம் கலியாண வீட்டுப் பந்தியிலும் உரையாடுகின்றோம். ஆயின் ஆண்களுக்கு வரும் புரஸ்டேட் சுரப்பிப் புற்றுநோயைப் பற்றி மனைவியிடமும் வாய் திறப்பதில்லை. சிறுநீர்ப்பையின் கீழே கொட்டைப்பாக்களவில் இருக்கும் இச்சுரப்பியில் தோன்றும் புற்றுநோயே கனடிய ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோயாகும். 2024 ஆம் ஆண்டில் இந்நாட்டில் 27,900 பேருக்கு இந்நோய் கண்டறியப்படும் என்றும், 5,000 பேர் இதனால் இறப்பர் என்றும் கனடியப் புற்றுநோய்ச் சங்கம் மதிப்பிட்டது. எண்மரில் ஒருவரை வாழ்நாளில் தொடும் நோய் இது.

இத்தகைய நோயின் ஆராய்ச்சிக்கு அரசு எவ்வளவு செலவிட வேண்டும் என்ற வினா, அகதிகளாக வந்த எமக்குத் தொலைவான ஒன்றாகத் தோன்றலாம். அவ்வாறு எண்ணுவது தவறு என்பதே எமது கருத்து.

அரசின் நிதி தானாக ஓடி வருவதில்லை. மார்பகப் புற்றுநோயால் துன்புற்ற பெண்கள் வெட்கத்தை ஒதுக்கிவிட்டு வெளியே வந்தார்கள். பாராளுமன்ற உபகுழுவின் முன் பேசினார்கள். 1992 இல் அக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டின் இறுதியில் மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கு 25 மில்லியன் டொலரை அறிவித்தது. புரஸ்டேட் புற்றுநோய் பற்றிய தேசியக் கருத்தரங்கு கூடியதோ 1997 இல்தான். அமெரிக்காவிலும் இதே இடைவெளியைக் காண்கின்றோம். அங்கு பாதுகாப்புத் திணைக்களத்தின் ஊடாக மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சித் திட்டம் 1992 இல் தொடங்கியது. புரஸ்டேட் புற்றுநோய்க்கு 45 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது 1997 இல். பெண்கள் பெற்றது அவர்களது உரிமை. அதில் நாம் பொறாமை கொள்வதற்கு ஒன்றுமில்லை. ஆண்கள் வாய்மூடியிருந்ததன் விலையையே இங்கு சுட்டுகின்றோம். 2001 இல் சுகாதார அமைச்சராக இருந்த அலன் றொக் தமக்கே இந்நோய் வந்ததை நாடறியச் சொன்னார். அமைச்சர் ஒருவர் சொல்லத் துணிந்ததை எம்மவர் குடும்ப வைத்தியரிடமும் சொல்லத் தயங்குகின்றனர்.

மருந்து நிறுவனங்கள் ஆராய்ச்சி செய்கின்றனவே, அரசு எதற்கு என்று கேட்போர் உளர். விற்பதற்கு ஒரு பொருள் இருக்குமிடத்தில் நிறுவனம் பணம் போடும். விற்க எதுவும் இல்லாத வினாக்களுக்கு விடை தேடுவது யார்? ரொறன்ரோவிலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. சனிபுரூக் மருத்துவமனையில் வைத்தியர் லோறன்ஸ் குளொட்ஸ் தலைமையில் 1995 இல் ஓர் ஆய்வு தொடங்கியது. மெதுவாக வளரும் புற்றுநோய் உடையவர்களுக்கு உடனே சத்திரசிகிச்சை செய்யாமல், தொடர்ந்து கண்காணித்து, நோய் தீவிரமாகும் அறிகுறி தெரிந்தால் மட்டும் சிகிச்சை செய்வது அதன் வழிமுறை. 2015 இல் வெளியான முடிவின்படி 993 பேரில் இந்நோயால் இறந்தோர் 15 பேர் மட்டுமே. சத்திரசிகிச்சையின் பின் பலரை வாட்டும் சிறுநீர் அடக்க இயலாமை, ஆண்மைக் குறைவு ஆகியவற்றிலிருந்து எத்தனையோ பேர் இவ்வழியால் தப்பினர். ‘கத்தி வேண்டாம், பொறுத்திருக்கலாம்’ என்ற அறிவுரையால் எந்த நிறுவனத்துக்கும் இலாபமில்லை, மக்களுக்கே இலாபம்.

பி.எஸ்.ஏ. எனும் இரத்தப் பரிசோதனையும் இவ்வாறானதே. அதன் அளவு உயர்ந்தால் புற்றுநோய் என்று முடிவு கட்ட இயலாது; ஐயம் மட்டுமே எழும். 2014 இல் கனடியத் தடுப்புச் சுகாதாரச் செயலணி இதனைப் பொதுவாகச் செய்ய வேண்டாம் என்றது. ஒன்ராறியோவில் அறிகுறியற்ற ஒருவர் இதனைச் செய்துகொள்ளத் தம் பையிலிருந்தே பணம் கொடுக்கும் நிலை நெடுங்காலம் நிலவியது. ஐரோப்பாவின் எட்டு நாடுகளில் ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களை 23 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வோ, பரிசோதனைக்கு அழைக்கப்பட்டோரிடையே இந்நோயால் வரும் மரணம் 13 வீதம் குறைந்ததாக 2025 இல் கூறியது. ஒரு விடைக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் பொறுமை பொதுப்பணத்துக்கே உண்டு.

மருத்துவமனைகளில் கட்டிலுக்குக் காத்திருப்போர் வரிசை நீள்கையில் ஆராய்ச்சிக்குப் பணமா என்ற கேள்வியும் நியாயமானதே. ஆயின் தேவையற்ற சத்திரசிகிச்சை எது என்பதை ஆராய்ச்சியே காட்டுகின்றது. அவ்வரிசையைக் குறைக்கும் வழிகளுள் அதுவும் ஒன்று.

இனி எம்மினத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் 2015 இல் வெளியான ஆய்வொன்று, வெள்ளையரில் எண்மரில் ஒருவருக்கும், கறுப்பினத்தவரில் நால்வரில் ஒருவருக்கும், ஆசியரில் பதின்மூவரில் ஒருவருக்கும் வாழ்நாளில் இந்நோய் கண்டறியப்படும் எனக் கணித்தது. எமக்கு ஆபத்துக் குறைவு என மகிழ்வதற்கு முன், பதின்மூவரில் ஒருவர் என்பது சிறு தொகையா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கனடாவின் புற்றுநோய்ப் பதிவேட்டிலோ நோயாளியின் இனப்பின்னணி பதியப்படுவதில்லை. ஆகவே ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வாழும் தமிழரின் நிலை என்னவென்று அப்பதிவேட்டைப் பார்த்து எவராலும் கூற இயலாது.

பதிவு என்ற சொல்லே எம்மை அஞ்ச வைப்பதை நாம் அறிவோம். 1983 ஆடியில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தனர். அந்த அச்சம் நியாயமானது. எனவே விபரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்ற உறுதியை நாம் கேட்டுப் பெறுவோம். ஆனால் எண்ணப்படாத மக்களின் நோய் ஆராயப்படுவதில்லை என்பதையும் மறவாதிருப்போம்.

வரி செலுத்துபவர்கள் நாம். 2011 இல் ராதிகா சிற்சபைஈசன் ஒட்டாவாவுக்குத் தெரிவானது முதல் பாராளுமன்றத்திலும், பின்னர் மாகாண சபையிலும் எம்மவர் குரல் ஒலித்துள்ளது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கைக்காக மூன்று மில்லியன் டொலரைத் திரட்டிக் காட்டிய சமூகம் இது. வாக்குக் கேட்டு வருவோரிடம் குடிவரவைப் பற்றிக் கேட்பது போல இதனையும் கேட்போம்: இந்நோயின் ஆராய்ச்சிக்கு நிரந்தர நிதி வேண்டும், அதில் எம்மவரும் எண்ணப்பட வேண்டும், ஆய்வுப் படிவங்கள் தமிழிலும் வேண்டும். தந்தையின் சிறுநீர்த் தொல்லையை மகள் மொழிபெயர்க்கும் நிலையில் எந்தத் தந்தை உண்மையைச் சொல்வார்?

முதியோர் சங்கங்கள் தத்தம் மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, ஒரு தமிழ் வைத்தியரை அழைக்கட்டும். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் அடுத்த முறை வைத்தியரைக் காணும்போது இதுபற்றித் தாமாகவே கேட்கட்டும். வீட்டிலே பேசத் தொடங்கினால்தான் நாளை ஒட்டாவாவிலும் எமது பேச்சு எடுபடும்.