பெட்டகத்திலா, மணிக்கட்டிலா?

நான்கு ஆண்டுகள் தொடர் வைப்பில் சேர்த்த தொகை முதிர்ந்தபோது நாம் வாங்கியது நிலமும் அன்று, பொன்னும் அன்று. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் என்னும் கைக்கடிகாரம். சிறிய கார் ஒன்றின் விலைக்கு நெருங்கிய தொகை. பெட்டியைத் திறந்ததும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி, "லாக்கரில் வைத்துவிடலாமா?" என்பதுதான். மூன்று மாதங்கள் அதனோடு பழகியபின் நமக்குத் தோன்றும் விடையை இங்கே எழுதுகிறோம்.

கடிகாரம் சேர்ப்பது நமக்கு நெடுநாளைய பழக்கம். தந்தையார் கட்டியிருந்த ஹெச்.எம்.டி. ஜனதாவில் தொடங்கியது. ஆனால் குரோனோகிராஃப் வகை நம் கைக்கு வந்தது இதுவே முதன்முறை. நேரம் காட்டுவதோடு, ஒரு செயல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் அது அளக்கும். வலப்புறம் மேலுள்ள பொத்தானை அழுத்தினால் நடுவிலுள்ள நீண்ட முள் ஓடும். மீண்டும் அழுத்தினால் நிற்கும். கீழ்ப்பொத்தான் அதைத் தொடங்கிய இடத்துக்கே அனுப்பிவிடும். புணே செல்லும் ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்து, ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல் வரை அளந்து பார்த்தோம். 45 விநாடிகள். முகப்பைச் சுற்றியுள்ள வேக அளவுகோலில் முள் காட்டியது 80. ரயிலின் வேகத்தை நம் கையே சொன்ன அந்த மகிழ்ச்சியை வைப்புத்தொகையின் வட்டியோடு ஒப்பிட நமக்குத் தெரியவில்லை.

1957இல் பந்தயக் கார்களுக்கென வெளிவந்த இந்த வரிசையை 1965இல் நாசா கடும் சோதனைகளுக்குப்பின் விண்வெளி வீரர்களுக்காக ஏற்றுக்கொண்டது. 1970இல் விபத்துக்குள்ளான அப்பல்லோ 13 விண்கலத்தின் பாதையைத் திருத்த எஞ்சினை 14 விநாடிகள் இயக்கியபோது, நேரத்தை அளந்தது வீரரின் கையிலிருந்த ஸ்பீட்மாஸ்டர்தான். விற்பனையாளர் இக்கதையை உருக்கமாகவே சொன்னார். ஆனால் நிலவுக்குச் சென்ற கடிகாரத்தின் உள்ளே இருந்த இயந்திரம் வேறு, இன்று விற்கப்படுவதில் உள்ளது வேறு. விலையில் ஒரு பங்கு கதைக்கும் சேர்த்துத்தான் என்பதை அறிந்தே கொடுத்தோம்.

"இது முதலீடு" என்று அவர் சொன்னதைத்தான் நம்மால் ஏற்க முடியவில்லை. பெரும்பாலான கடிகாரங்கள் கடையைவிட்டு வெளியேறியதும் மதிப்பிழப்பவை. விலை ஏறிய சில மாதிரிகளின் மறுவிற்பனைச் சந்தையும் 2022இன் தொடக்கத்தில் உச்சம் தொட்டுப் பின்னர் இறங்கியது. வட்டி தராத இப்பொருள், சில ஆண்டுகளுக்கொருமுறை பராமரிப்புச் செலவையும் கேட்கும். நேரத் துல்லியமே வேண்டுமெனில் சில நூறு ரூபாய்க் குவார்ட்ஸ் கடிகாரம் இதனை வென்றுவிடும். ஆசைக்காகச் செய்த செலவை ஆசைக்கான செலவு என்றே கணக்கில் எழுதுவது நேர்மை. அதற்குக் கடன் வாங்காமலிருப்பது அதனினும் நலம்.

இனி லாக்கர். இந்தக் கடிகாரத்துக்கு மின்கலம் இல்லை. கையால் சாவி கொடுக்கவேண்டும். முழுச் சாவி ஏறக்குறைய 50 மணி நேரம் தாங்கும். பெட்டகத்தில் வைத்தால் மூன்றாம் நாள் அது நின்றுபோன எஃகுத்துண்டு. பாதுகாப்பும் பலர் எண்ணுவதுபோல் முழுமையானதன்று. 2022 ஜனவரி முதல் நடப்பிலுள்ள ரிசர்வ் வங்கி விதிகளின்படி, தீ, திருட்டு, கட்டடச் சரிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கரின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரைதான். வாடகை 3,000 ரூபாயாயின் 3 இலட்சம். நம் கடிகாரத்தின் விலையோ அதற்கு மேல். ஆகவே காப்பீடு எடுத்தோம். அதற்குப் பில் வேண்டும். பில்லின்றி மலிவாகத் தருகிறேன் என்று முன்னர் ஒருவர் அழைத்தபோது நாம் சற்றே சபலப்பட்டதையும் மறைப்பதற்கில்லை.

பில்லும் ஐந்தாண்டு உத்தரவாத அட்டையும் இப்போது லாக்கரில் இருக்கின்றன. கடிகாரம் கையில் இருக்கிறது. முகப்பை மூடியிருப்பது கண்ணாடியன்று, ஹெசலைட் என்னும் பிளாஸ்டிக். எளிதில் உடையாது, எளிதில் கீறும். சென்ற வாரம் மாடிப்படிக் கைப்பிடியில் உரசி ஒரு கோடு விழுந்துவிட்டது. மெருகுப் பசை தடவித் தேய்த்தால் மறையும் என்கிறார்கள். இன்னும் தேய்க்கவில்லை.