அடிக்கடி விழும் டிரிப் சுவிட்ச்... கழற்றிவிடலாமா?

"ராஜவாய்க்காலை ஒட்டி எங்கள் வீடு இருக்கிறது. பழைய ஓட்டு வீட்டோடு சேர்த்து முன்பக்கம் தார்சு வீடு கட்டி, ஒரே மீட்டரில் ஓட்டுகிறோம். மழை பிடித்ததில் இருந்து மீட்டர் பக்கத்தில் உள்ள டிரிப் சுவிட்ச் அடிக்கடி கீழே விழுகிறது. குளியலறைக் குழாயைத் தொட்டால் சில நாள் சுருக்கென்று இருக்கிறது. ஒயரிங் வேலை செய்பவர், 'அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடலாம்' என்கிறார். செய்யலாமா?"

- ஒரு வாசகர், ஜேடர்பாளையம், நாமக்கல் மாவட்டம்.

செய்யவே கூடாது. வீட்டில் எங்கோ மின்கசிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் காட்டிக்கொண்டிருப்பதுதான் அந்த சுவிட்ச். அதைக் கழற்றினால் கசிவு நிற்காது. அடுத்து குழாயைத் தொடுபவர் உடம்பு வழியாகப் பாயும்.

அது ஏன் விழுகிறது?

இந்த சுவிட்சுக்கு ஆர்.சி.சி.பி. என்று பெயர். பேஸில் போகிற மின்சாரமும் நியூட்ரலில் திரும்பி வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் இதன் வேலை. குறைந்தால், மீதி சுவர் வழியாகவோ, தண்ணீர் வழியாகவோ, மனிதர் வழியாகவோ தரைக்குப் போகிறது என்று அர்த்தம். வீடுகளில் பொருத்துவது 30 மில்லி ஆம்பியர் அளவுள்ளது. 10 வாட்ஸ் பல்பு எரியவே சுமார் 43 மில்லி ஆம்பியர் வேண்டும். அதைவிடக் குறைந்த கசிவிலேயே இது விழுந்துவிடும். 16 ஆம்பியர் பியூஸ் அல்லது எம்.சி.பி.க்கு இந்தக் கசிவு தெரியவே தெரியாது. 16 ஆம்பியர் என்பது 16,000 மில்லி ஆம்பியர். மனிதர் உயிர் போக அதில் மிகச் சிறிய பங்கே போதும்.

முதலில் வீட்டுக்காரர் செய்ய வேண்டியது

கோளாறு தெரியும்வரை கெய்சர், ஹீட்டர் ராடு இரண்டையும் பயன்படுத்த வேண்டாம். காலில் ரப்பர் செருப்பு, காய்ந்த கை, காய்ந்த தரை. இந்த மூன்றும் இருந்தால்தான் சுவிட்ச் பெட்டி பக்கம் போக வேண்டும்.

வீட்டில் உள்ள எல்லா பிளக்குகளையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுவிட்ச் பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் இணைந்தே இருக்கும். பிறகு ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிவிடுங்கள். நின்றால், கோளாறு பெரும்பாலும் ஏதோ ஒரு சாதனத்தில். கிரைண்டர், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் மோட்டார் என்று ஒவ்வொன்றாகச் சொருகிப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, அதுதான் குற்றவாளி.

தனித்தனியாகப் போட்டால் நிற்கிறது, நாலைந்து சேர்ந்தால் விழுகிறது என்றால், ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கசிகிறது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். சிறு கசிவுகள் கூடினாலே அந்த அளவு வந்துவிடும்.

பிளக் எல்லாம் பிடுங்கியும் விழுந்தால்..?

கோளாறு ஒயரிங்கில். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எதை ஏற்றியதும் விழுகிறதோ, அந்த லைனில் கசிவு. எல்லாவற்றையும் இறக்கியும் நிற்கவில்லை என்றால், நியூட்ரல் ஒயர் எங்கோ எர்த்தோடு தொட்டுக்கொண்டிருக்கலாம். எதைப் போட்டாலும் விழுவதும் இதே கோளாறின் அடையாளம்தான்.

இன்வெர்ட்டர் உள்ள வீடுகளில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் உள்ள நியூட்ரலோடு சேர்த்துவிட்டால், கசிவே இல்லாமலும் விழும்.

எலெக்ட்ரீசியன் செய்ய வேண்டியது

இதற்கு மேல் உரிமம் பெற்றவர்தான் கை வைக்க வேண்டும். மெயினை இறக்கிவிட்டு, கசிவுள்ள லைனின் நடுவில் இருக்கும் ஜங்ஷன் பாக்ஸில் ஒயரைப் பிரித்து, இரண்டு பாதியையும் தனித்தனியாக மெக்கரால் சோதிப்பார். கெட்ட பாதியை மறுபடியும் பாதியாக்குவார். மூன்று, நான்கு முறையில் இடம் பிடிபட்டுவிடும். சுவர் முழுக்க உடைக்க வேண்டியதில்லை. 500 வோல்ட் மெக்கரில் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். சோதனைக்கு முன் பல்பு, ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் இணைப்புகளைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் அவை பழுதாகும்.

வாய்க்கால் ஓர வீடுகளில் முதலில் பார்க்க வேண்டிய இடங்கள்: ஓதம் ஏறிய சுவரில் உள்ள சுவிட்ச் பெட்டி, ஓட்டுக்கு அடியில் எலி கடித்த ஒயர், வாசல் விளக்கு, பழைய வீடும் புது வீடும் சேரும் இடத்தில் டேப் சுற்றி விட்ட இணைப்பு. கெட்ட இடத்தில் மறுபடியும் டேப் சுற்றுவது பழுது பார்ப்பதாகாது. ஒரு பாக்ஸில் இருந்து அடுத்த பாக்ஸ் வரை ஒயரை முழுதாக மாற்ற வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஒயராக, விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5 சதுர மி.மீ. அளவில் இருக்கட்டும்.

எர்த்தை மறக்காதீர்கள்

குழாயில் சுருக்கென்றால் கசிவோடு, எர்த்தும் சரியில்லை என்று சந்தேகப்பட வேண்டும். எர்த் பைப்பில் கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். எர்த் இல்லாத இடத்தில் நியூட்ரலை எடுத்து பிளக்கின் எர்த் முனையில் சொருகிக் கொடுப்பவர்கள் உண்டு. நியூட்ரல் அறுந்த அன்றைக்கு கிரைண்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் வந்து நிற்கும்.

கட்டுத்தரைக்கு இழுத்த லைனும் இதே ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் போக வேண்டும். மனிதருக்குத் தெரியாத சிறு கசிவையும் மாடு உணரும். ஈரத் தரையில் வெறும் குளம்போடு நிற்பதால் அதற்கு ஆபத்தும் அதிகம். மாடு தண்ணீர்த் தொட்டியில் வாய் வைக்கத் தயங்கினால், அந்த லைனையும் சோதியுங்கள். இரும்புத் தூணில் ஒயரைக் கட்டுவதும், துணி காயப்போடும் கம்பியை அதே தூணில் கட்டுவதும் வேண்டவே வேண்டாம்.

கம்பத்தில் இருந்து மீட்டர் வரை மின்வாரியத்தின் பொறுப்பு. அங்கே கோளாறு என்றால் சீலைத் தொடாமல், மின்னகம் 94987 94987 எண்ணில் சொல்லுங்கள்.

எல்லாம் சரியான பிறகும் மாதம் ஒருமுறை ஆர்.சி.சி.பி.யில் உள்ள 'டி' பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும். விழாத ஆர்.சி.சி.பி.யை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.