சபானை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?



மார்ச் 21 பொலிஸ் வீரர்கள் தினம். ஏன் அந்தத் திகதி என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள், ஒரு கையும் உயராது. சரதியேலைத் தெரியுமா என்றால் எல்லாக் கையும் உயரும்.

1864 மார்ச் 21இல் மாவனல்லையில் அந்தச் சரதியேலைப் பிடிக்கப் போய்ச் சுடப்பட்டு இறந்தவர்தான் கொன்ஸ்டபிள் சபான். மலாய் முஸ்லிம். கடமையில் உயிர்நீத்த நாட்டின் முதல் பொலிஸ்காரர் என்று இன்றும் நினைவுகூரப்படுகிறார். சரதியேலோடு தூக்கிலிடப்பட்ட மம்மலே மரிக்காரும் முஸ்லிம்தான். ஒரே சம்பவத்தில் இரு பக்கமும் நம்மவர்கள். கௌரவம் கடமையைச் செய்தவருக்கே போனது.

2017இல் நல்லூரில் சுடப்பட்டு இறந்த சார்ஜன்ட் ஹேமச்சந்திர ஒரு சிங்களவர். பல வருடம் அவர் காவல் நின்றது தமிழ் நீதிபதி இளஞ்செழியனுக்கு. இறந்த பின் அவருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ஆனால் அவருடைய மனைவியின் காலில் விழுந்து நீதிபதி அழுதாரே, அதற்கு எந்தப் பதக்கமும் ஈடாகாது.

"அளுத்கமவிலும் திகனையிலும் பொலிஸ் என்ன செய்தது, சேர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் அதைக் கேட்க நம் கையில் உள்ள அளவுகோலே சபானும் ஹேமச்சந்திரவும்தான். முன்னே நின்றவருக்குப் பதக்கம் என்றால், பார்த்துக்கொண்டு நின்றவருக்கு விசாரணை. முதலாவதை மதிக்காமல் இரண்டாவதைக் கேட்டால் அது வெறும் கோபமாகத்தான் தெரியும்.

அடுத்த மார்ச் 21 காலைக் கூட்டத்தில் ஆசிரியர்கள் இந்த இரண்டு பெயரையும் சொல்லுங்கள். பெற்றோர் வீட்டில் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போதும்.